நான் நின்றுகொண்டு தட்டிய மெட்டுகள்

லப்பைக்குடிக்காடு
18.11.2025

அன்பு மகள் ருமைசாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், மழை பிடித்ததிலிருந்து என் முட்டி மட்டும் தினமும் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது, அதை விட்டால் குறை ஒன்றும் இல்லை. உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். வெள்ளாற்றில் இந்த வருஷம் நல்ல தண்ணீர், உன் அத்தா கடையைச் சாத்திவிட்டு தினமும் பாலத்து வரைக்கும் போய் பார்த்துவிட்டு வருகிறார், என்னவோ இவர் அனுமதி கொடுத்துத்தான் தண்ணீர் போகிற மாதிரி. உன் அக்கா சமீரா போன வாரம் திருச்சியிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள், சின்னவளுக்கு முன்பல் முளைத்திருக்கிறது, கையில் எது கிடைத்தாலும் கடிக்கிறாள். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், அதற்குள் உன் அத்தா போனைப் பிடுங்கிக்கொண்டு அங்கே எத்தனை டிகிரி என்று கேட்கப் போய்விடுகிறார். இது நீ முழுசாகக் கேட்க வேண்டிய விஷயம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நீ ஒரு விஷயம் சொன்னாய், ஞாபகம் இருக்கும். ஆறு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் நீ செய்த ஆராய்ச்சியை உன் மேலதிகாரி தன் பெயரைப் போட்டு எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார் என்றும், டிசம்பர் பத்தாம் தேதி கூட்டம் முடிந்தால் அது அப்படியே அச்சாகிவிடும் என்றும் சொன்னாய். நான் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, போனா போகுதும்மா, செஞ்சது நான்தான்னு கூட இருக்கறவங்களுக்குத் தெரியும்ல என்றாய். நான் குக்கர் சத்தம் போடுகிறது என்று போனை வைத்துவிட்டேன். குக்கரும் இல்லை ஒன்றும் இல்லை. நீ சொன்ன அதே வார்த்தையை நான் முப்பத்தைந்து வருஷமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள், உனக்கு என்ன புத்தி சொல்வேன். இப்போது சொல்ல முடியும், அதற்கு நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

1987-ல் என் அண்ணன், உன் இலியாஸ் மாமா, குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. வேலை பார்த்த கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி, புது மாடல் வந்ததும் முதலாளி இதை எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டாராம். நீங்கள் இன்று பார்க்கிற மாதிரி இல்லை, வெறும் தட்டச்சுப் பலகை மாதிரி ஒன்று, அதற்குள்ளேயே எல்லாம் அடக்கம், ஒரு வயரை டிவியிலும் இன்னொரு வயரை டேப் ரெக்கார்டரிலும் சொருக வேண்டும். திருச்சியில் விற்றுவிடலாம் என்று மாமா தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் அலைந்தது, இது என்ன செய்யும் பாய் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, திரும்ப வீட்டிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டு குவைத்துக்குப் போய்விட்டது. நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன், திருச்சிக்கெல்லாம் படிக்க அனுப்ப மாட்டோம் என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை இல்லாத கை, கூடவே தடியான ஒரு இங்கிலீஷ் புத்தகம். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தை மூன்று மாதத்தில் முடித்தேன்.

அதில் ஒரு கூத்து கேள். குவைத்தில் விற்ற பெட்டி என்பதால் ஒவ்வொரு பொத்தானிலும் இங்கிலீஷ் எழுத்தோடு அரபி எழுத்தும் இருந்தது. அதைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு வந்ததே பதற்றம். ஓதுற எழுத்த தரையில வைக்கறதா, மடியில வைக்கறதா என்று சொல்லி, குர்ஆன் வைக்கிற மாடத்துக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை அடிக்கச் சொல்லி அதன்மேல் வைத்து, பச்சைத் துணி ஒன்றையும் போர்த்திவிட்டார்கள். ஒளு செய்து, கை கால் முகம் கழுவாமல் யாரும் தொடக்கூடாது, அதன் முன்னால் காலை நீட்டி உட்காரக்கூடாது. ஆக நான் ஒளு செய்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, நின்றுகொண்டேதான் தட்ட வேண்டும். மூன்று வருஷமும் நின்றேன். சாயந்திரம் ஆனால் கணுக்கால் இரண்டும் வீங்கிப்போகும், உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஒன்று, அவ்வளவு மரியாதையாக வைத்திருந்ததால் அதிலிருந்து சத்தம் வந்தபோது யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்க வூட்டு மிஷினு நல்லா பாட்டு படிக்குது என்று அம்மாவே பக்கத்து வீட்டில் பெருமை பேசினார்கள்.

அந்தப் பெட்டிக்கு மூன்று தொண்டை. ஒரே சமயத்தில் மூன்று குரல் பாடும், ஒவ்வொரு குரலுக்கும் நாம் எழுத்தெழுத்தாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சங்கீதம் பள்ளிக்கூடத்தில் ஜானகி டீச்சர் ஆர்மோனியத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்த ச ரி க ம மட்டும்தான். புத்தகத்தில் ஏ பி சி டி இ எஃப் ஜி என்று ஏழு எழுத்து போட்டிருந்தது, ஏழு ஸ்வரம், ஏழு எழுத்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஏ-யை ச என்றும் பி-யை ரி என்றும் வைத்து எழுதிவிட்டேன். உண்மையில் அவர்கள் கணக்கு சி-யில்தான் ஆரம்பிக்கிறது, ஏ-யும் பி-யும்தான் உச்சியில் இருக்கிற கடைசி இரண்டு படி, அது எனக்குத் தெரியாது. ஆகவே நான் ச ரி க ம என்று எழுதினால் அது இரண்டு படி ஏறி, மூன்றாவது படியில் மொட்டை மாடியிலிருந்து விழுந்த மாதிரி கீழே போய் நிற்கும். முதல் நாள் பயந்து சுவிட்சை அணைத்துவிட்டேன். பெட்டி கெட்டுப்போய்விட்டது, மாமா வந்தால் திட்டும் என்று பயம். மறுநாள் திரும்பப் போட்டுக் கேட்டேன், அந்த விழுகை எனக்குப் பிடித்துப்போனது. ஆறு மாதம் கழித்து என் தப்பு எனக்கே விளங்கியது, ஆனால் அதற்குள் என் காதுக்கு விழாத பாட்டு சப்பென்று ஆகிவிட்டது, திருத்தவே இல்லை. ஒரு குரலில் மெட்டு, இன்னொன்றில் அதற்குத் தணிந்த துணை, மூன்றாவதில் அடுத்த அறையில் அம்மா மிதிக்கிற தையல் மெஷினின் தாளம், இப்படிப் பதினொரு மெட்டு போட்டேன். சும்மா சொல்லவில்லை, நன்றாகவே இருந்தன.

அடுத்த லீவில் வந்த மாமா அசந்துபோய்விட்டது. மூன்றாவது மெட்டை நோட்டிலிருந்து அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போனது, அங்கே கூட்டாளிகளுக்குக் காட்டப் போகிறது என்று நினைத்தேன். அதற்கடுத்த முறை, 1989-ல், ஒரு புது டேப் ரெக்கார்டரும் ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தது. குவைத்தில் கம்ப்யூட்டருக்கென்றே வந்த பத்திரிகை, வாசகர்கள் அனுப்பும் மெட்டுக்குப் பரிசு கொடுப்பார்களாம், என் மெட்டுக்கு முதல் பரிசு. பக்கம் முழுக்க என் எழுத்துகள், மேலே கொட்டை எழுத்தில் இலியாஸ், குவைத். நான் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா, பொம்பளப் புள்ள பேரப் பத்திரிகையில போட்டா ஊரு என்ன பேசும், உனக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம்ல, பரிசு ஒனக்குத்தானே கொண்டாந்துருக்கேன் என்றது. எனக்குப் பத்தொன்பது வயசு, தலையை ஆட்டினேன்.

கேட்கலாம் என்று நான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோது 1990 ஆகஸ்டில் குவைத்தில் சண்டை வந்துவிட்டது. ஒன்றரை மாதம் மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு பாலைவனம் தாண்டி, ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து, பாதி உடம்பாக வீட்டு வாசலில் வந்து நின்றது. பெட்டி படுக்கை, சம்பாதித்தது, எல்லாம் போய்விட்டது. சட்டைக்குள் வயிற்றோடு ஒரு பாலித்தீன் பை கட்டியிருந்தது, அதில் பாஸ்போர்ட்டும் அந்தப் பத்திரிகையும் இருந்தன. அவ்வளவு தூரத்துக்கு அதைத் தூக்கி வந்திருக்கிறது. எல்லாம் இழந்து வந்த மனுஷனிடம் மிச்சமிருந்த ஒன்றை நான் எப்படிக் கேட்பேன். போனா போகுது என்று அன்றைக்குச் சொன்னதுதான். அடுத்த வருஷம் எனக்கு நிக்காஹ் ஆனது, அதற்கடுத்த வருஷம் வோல்டேஜ் ஏறி அந்தப் பெட்டி கருகிப்போனது. உன் அத்தாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் மாமா அரியலூரிலிருந்து திடீரென்று வந்தது. ஹாலந்தில் இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு கூட்டம் இருக்கிறதாம், பழைய பத்திரிகைகளில் வந்த மெட்டுகளில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்து, ஒரு மண்டபத்தில் வாசிக்கப் போகிறார்களாம், புத்தகமும் போடுகிறார்களாம். அதில் ஒன்று இலியாஸ், குவைத். ஃபேஸ்புக்கில் தேடித் தேடி மாமாவைக் கண்டுபிடித்து, உங்களோடு வீடியோவில் பேச வேண்டும், எப்படி இந்த மெட்டைப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் சுவிட்ச் போடுவது என்றுகூடத் தெரியாது. என்னிடம் வந்து, கொஞ்சம் சொல்லிக் குடு புள்ள, மானம் போயிரும் என்று கையைப் பிடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு வயசு மனுஷன், தலையெல்லாம் வெள்ளை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால் வந்தது, ஆனால் பழகிய வாய், சரிண்ணே என்றுவிட்டது. நான்கு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஏ-யை ச என்று நினைத்தது, மூன்று தொண்டை, தையல் மெஷின், பலகை, பச்சைத் துணி, எல்லாம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டது.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நமக்குச் சாயந்திரம் நாலரை, அவர்களுக்கு மதியம். நானும் உன் அத்தாவும் பஸ் பிடித்து அரியலூர் போயிருந்தோம், மாமா திணறினால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமாம், கேமராவில் படாமல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தது. உன் அத்தாவுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, மச்சானுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டு விழா நடத்துகிறார்கள் என்று நினைத்துக் கொண்டு பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வெள்ளைத் தாடி வைத்த ஒருவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள், மேஜைமேல் அதே பெட்டி, ருமைசா, அதே பெட்டி, அரபி எழுத்து மட்டும்தான் இல்லை. தாடிக்காரர் முதல் கேள்வியே, மூன்றாவது ஸ்வரத்தில் ஏன் அப்படி விழுகிறது, இது எந்தச் சங்கீதத்திலும் இல்லையே என்றுதான். மாமா நான் சொல்லிக்கொடுத்ததை அழகாகச் சொன்னது. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். மெட்டுதானே, பேர்தானே, கொடுத்துப் பழகியதுதானே. கை தட்டல் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இங்கிலீஷில், என் அம்மா என்னை உட்கார விடவில்லை, மூன்று வருஷம் நின்றுகொண்டே தட்டினேன், சாயந்திரம் என் காலெல்லாம் வீங்கிவிடும் என்றது.

வீங்கியது என் கால். உப்புத் தண்ணீரில் நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்த கால். அதையுமா கொடுப்பது. எழுந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, மாமா உட்கார்ந்திருந்த, அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை அப்படியே ஒரு தள்ளு தள்ளினேன், அது போய் பீரோவில் இடித்து நின்றது. கேமராவுக்கு முன்னால் நின்று, பிளஸ் டூவில் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ, மை மியூசிக், மை லெக்ஸ் என்றேன். அவ்வளவுதான் வந்தது. உன் அத்தா கையிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்துவிட்டது.

பிறகு தாடிக்காரர், குரலை உயர்த்தாமல்தான், நீங்கள்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தடிப் புத்தகத்தில் படித்த பெட்டி இங்கிலீஷ் மட்டும் எனக்கு மறக்கவில்லை, அதை வைத்து, மேஜைமேல் இருக்கிற பெட்டி ஓடுமா என்று கேட்டேன், ஓடும் என்றார். உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லத் தட்டுங்கள் என்றேன். எந்தப் பத்திரிகையிலும் வராத ஒன்றைச் சொன்னேன். 1990 ஜனவரியில், மாமா பரிசு கொண்டுவந்த பிறகு, இதையாவது யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்வோம் என்று போட்ட பன்னிரண்டாவது மெட்டு. நோட்டு எப்போதோ கரையான் தின்றுவிட்டது, ஆனால் எனக்கு நோட்டு எதற்கு. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், மேல்குரல் முதலில், அதற்குத் துணை பிறகு, கடைசியில் தையல் மெஷின், அதற்கு ஒரே எழுத்துதான். ஒரு பெண் தட்டினாள், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். இருபது நிமிஷம் ஆனது. ஓட்டியதும் திரையில் தப்பு என்று காட்டியது, எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நாற்பதாவது வரியில் மேற்கோள் குறியை விட்டுவிட்டாள், போய்ப் பார் என்றேன். பார்த்துத் திருத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வைக்கே நான் அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கலாம். மறுபடி ஓட்டினாள். பாடியது. அங்கேயிருந்து, ஹாலந்திலிருந்து, என் மெட்டு, இரண்டு படி ஏறி, மூன்றாவதில் விழுந்து, பாடியது. நான் அழவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அழுதது உன் அத்தா. ஏன் என்று கேட்டால் அவருக்கு அந்த மெட்டு தெரியும். உனக்கும் தெரியும். நீயும் சமீராவும் தூங்க மாட்டோம் என்று அடம் பிடிக்கும்போது வார்த்தையே இல்லாமல் ஒன்றை முணுமுணுப்பேனே, என்ன பாட்டும்மா இது என்று கேட்டால் சும்மா ஒரு பாட்டு என்பேனே, அதுதான் இது.

மாமா பீரோ ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாட்டு முடிந்ததும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று, என் தங்கை சொல்வதுதான் உண்மை, நான் தபாலில் போட்டவன் மட்டும்தான் என்று அவர்களிடம் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் நெட்டை வெட்டிவிட்டு கரண்ட் போச்சு என்றிருப்பார்கள், உன் மாமா அப்படிச் செய்யவில்லை, அதை மறந்துவிடாதே. எங்களைப் பஸ் ஏற்ற வந்தபோது ஸ்டாண்டில் வைத்து, ஊரு பேசும்னு அன்னக்கிச் சொன்னது பொய்யி புள்ள, எனக்கு ஆசயா இருந்துச்சு என்றது. நான் அதன் முதுகில் ஒரு அடி போட்டேன், சின்ன வயசில் போடுகிற மாதிரி. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வியாழக்கிழமை ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனது.

போன சனிக்கிழமை அங்கே மண்டபத்தில் வாசித்தார்கள். வீடியோவை சமீராவிடம் கொடுத்திருக்கிறேன், உனக்கு அனுப்புவாள். மூன்றாவது மெட்டை ஐந்து பேர் வாத்தியம் வைத்து வாசித்தார்கள், கடைசியில் விளக்கைக் குறைத்து அந்தப் பெட்டியை மட்டும் மேடை நடுவில் வைத்து உன் தாலாட்டைப் பாட விட்டார்கள், முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நின்றுகொண்டு தட்டிய மெட்டை நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்று உன் அத்தா சொல்கிறார். புத்தகத்தில் ஜைனம்பு, லப்பைக்குடிக்காடு என்று போட்டிருக்கிறது, குவைத்தை எடுத்துவிட்டார்கள். உன் அத்தா அந்தப் பக்கத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கடையில் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறார், கால் கிலோ பருப்பு வாங்க வருகிறவர்களும் அந்தக் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. வேப்பந்தட்டையிலிருந்து சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர் பாவம், முழுசாகக் கேட்டுவிட்டு, எங்கம்மாளும் நல்லா பாடுங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருக்கிறது.

இவ்வளவும் எதற்கு எழுதினேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கூட இருப்பவர்களுக்குத் தெரியும் என்று சொன்னாயே, எனக்கும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், என் அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கே தெரியும், தெரிந்து என்ன ஆனது. நான் விட்டுக்கொடுத்ததற்காவது ஒரு காரணம் இருந்தது, பாலைவனத்தில் நடந்து வந்த அண்ணன் இருந்தது. உன் மேலதிகாரி எந்தப் பாலைவனத்தில் நடந்தார்? முதலில் பேரைக் கொடுத்தால் அதோடு நிற்காது, கண்ணு, பிறகு உன் காலையும் கேட்பார்கள். டிசம்பர் பத்தாம் தேதி கூட்டத்தில் எழுந்து சொல். மரியாதையாகச் சொல், கத்த வேண்டாம், யாரையும் நாற்காலியோடு தள்ளவும் வேண்டாம். வேலை போய்விடும் என்றால் போகட்டும், நம் வீட்டில் உனக்கு ஒரு தட்டுச் சோறு எப்போதும் உண்டு. எழுந்து நின்றபோது எனக்கு இங்கிலீஷில் நான்கு வார்த்தைதான் வந்தது, நீ அந்த ஊர்ப் பாஷையும் சேர்த்துப் படித்தவள்.

கடிதம் நேரத்துக்கு வர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாயா, பாட்டில் அப்படியே இருக்கிறது என்று உன் அறைத்தோழி சமீராவிடம் சொன்னாளாம், எனக்கு எல்லாம் தெரியும். காலுறை போடாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், கல்வியில் பரக்கத்தும், உரிய இடத்தில் வாய் திறக்கும் தைரியமும் கொடுப்பானாக, ஆமீன். உன் அத்தா சலாம் சொல்லச் சொன்னார், எத்தனை டிகிரி என்றும் கேட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜைனம்பு

இந்தத் தாளின் பின்பக்கம் உன் தாலாட்டை மூன்று குரலும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் தேதி தூக்கம் வராவிட்டால் உன் கம்ப்யூட்டரில் தட்டிப் போட்டுக் கேள், இப்போதைய கம்ப்யூட்டரையும் அந்தப் பெட்டி மாதிரிப் பாட வைக்கலாமாம். மறுநாள் கூட்டம் முடிந்த உடனே போன் செய், என்ன பதில் சொன்னார்கள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், சொல்லிட்டேம்மா என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதும்.